மாடல் நம்பர் கேளுங்க!

"ஐ7 கம்ப்யூட்டர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வைஃபை... எல்லாம் சேர்த்து வெறும் 16,999!"

இந்த மாதிரி மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அடிக்கடி சுத்தும். இந்தத் தடவை அனுப்பினது எங்க சித்தி. கூடவே ஒரு கேள்வியும்.

"தம்பி, பாப்பாவுக்கு இதையே வாங்கிடலாமா? ஐ7னா நல்லதுதானே?"

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. சித்தி மேல இல்லங்க, அந்த விளம்பரத்தை எழுதினவங்க மேல.

ஐ7ங்கற பேர்ல இன்டெல் 2008லேருந்து பிராசஸர் விக்குது. 2011ல வந்த ஐ7-2600ம் ஐ7தான். 2012ல வந்த ஐ7-3770ம் ஐ7தான். 2023ல வந்த ஐ7-14700கேவும் ஐ7தான். பதினேழாயிரத்துக்கு மானிட்டரோட கிடைக்கற ஐ7 எந்தக் காலத்துதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஏதோ ஆபீஸ்ல ஓடி ஓய்ஞ்ச பிராசஸரை எடுத்து, பேர் தெரியாத ஒரு எச்61 போர்டுல மாட்டி, கலர் கலரா லைட் எரியற கேபினட்டுக்குள்ள வச்சுத் தருவாங்க.

பழசு விக்கறது தப்பே இல்ல. கடையில பில் போட, டைப் பண்ண, பாட்டு கேக்க அது தாராளமாப் போதும். பழசுன்னு சொல்லி வித்தா பரவாயில்ல. சொல்லாம விக்கறதுதான் எனக்குப் பொறுக்கல. 'மாருதி கார், குறைஞ்ச விலை'ன்னு மட்டும் ஒருத்தர் சொன்னா, எந்த மாடல், எந்த வருஷம்னு கேக்காம யாராவது அட்வான்ஸ் குடுப்போமா? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் குடுக்கறோம்?

அதனாலதான் இந்தப் பதிவு. முதல் தடவையா பார்ட் பார்ட்டா பார்த்து அசெம்பிள் பண்ணப் போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்.

கொட்டேஷன்ல எந்த வரியில மாடல் நம்பர் இல்லையோ, அந்த வரியிலதான் உங்க காசு ஒளிஞ்சிருக்கு.

பிராசஸர்லேருந்து ஆரம்பிக்கறேன். நம்பரைப் படிக்கறது ரொம்பச் சுலபம். ஐ7-2600ன்னா நாலு இலக்கம், முதல் இலக்கம் 2, அதனால ரெண்டாம் தலைமுறை. ஐ5-12400ன்னா அஞ்சு இலக்கம், முதல் ரெண்டும் சேர்ந்து 12, பன்னெண்டாம் தலைமுறை. கடைசியில 'எஃப்' இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, தனியா கார்டு போட்டாத்தான் மானிட்டர்ல படம் வரும். 'கே' இருந்தா ஓவர்க்ளாக் பண்ணலாம், ஆனா இப்பல்லாம் பெட்டியில கூலர் இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

சித்திக்கு நான் சொன்ன கணக்கு இது. அந்தப் பழைய ஐ7-2600க்கு நாலு கோர், எட்டு த்ரெட். 2022ல வந்த ஐ3-12100க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனா ஒத்தை கோர் வேகத்துல அந்த ஐ3, ஐ7ஐவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பேர்ல 3, வேலையில ராஜா!

இன்னொண்ணு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை முடிச்சிடுச்சு. விண்டோஸ் 11க்கு முறைப்படி இன்டெல்லோட எட்டாம் தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். ரெண்டாம் தலைமுறை ஐ7ல குறுக்கு வழியிலதான் ஏத்த முடியும். காலேஜ் படிக்கற பொண்ணு அஞ்சு வருஷம் வச்சுக்கப் போற மெஷினுக்கு அது எதுக்கு?

(பாப்பான்னு சொன்னது சித்தி பொண்ணை. பி.ஆர்க் மூணாவது வருஷம். எங்க வீட்டுலேருந்துதான் காலேஜுக்குப் போய் வர்றா. லேப்டாப் வாங்கன்னு சித்தி பணம் எடுத்து வச்சிருந்தாங்க. ராத்திரி பூரா வீட்டு மேஜையிலயே உக்காந்து ரெண்டர் போடறவளுக்கு அதே பணத்துல டெஸ்க்டாப்தான் சரின்னு நான் பிடிவாதமாச் சொன்னேன்.)

சரி, எந்த பார்ட் எவ்வளவு வேணும்னு எப்படி முடிவு பண்றது?

யூடியூப்ல கேம் ஓட்டிக் காட்டற வீடியோவா பார்த்துத் தள்ளலாம். ஆனா அவ ஓட்டப் போறது கேம் இல்லையே. ஆட்டோகேட், ரெவிட், கடைசியில ரெண்டருக்கு லூமியன். அதனால நாங்க ஒரு வேலை பண்ணினோம். அவளோட சீனியர் ஒருத்தர் வீட்டுல 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் இருந்துச்சு. பாப்பாவோட சொந்த ப்ராஜெக்ட் ஃபைலை பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் அதுல திறந்தோம். கூடவே டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி, 'பர்ஃபாமன்ஸ்' பக்கத்துக்குப் போனா எல்லாமே கண்ணு முன்னாடி.

ரெவிட்ல வரையும்போது பிராசஸர்ல ஒண்ணு ரெண்டு கோர்தான் முட்டி மோதுது, மத்ததெல்லாம் சும்மா இருக்கு. (மொத்த சிபியு 20 சதவீதம்னு காட்டுதேன்னு பார்க்காதீங்க. அந்த கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாக் காட்டச் சொல்லுங்க.) ஆட்டோகேட்டும் அதே ஜாதி. அப்போ 12 கோர், 16 கோர்னு பணத்தைக் கொட்டறதுல இவளுக்குப் பிரயோஜனம் இல்ல. ஒத்தை கோர் வேகமா இருக்கணும், அது போதும்.

அடுத்து லூமியன்ல அதே வீட்டைத் திறந்தோம். மரம், புல், கண்ணாடி, தண்ணின்னு ஒண்ணொண்ணா சேர்க்கச் சேர்க்க, டாஸ்க் மேனேஜர்ல 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி'ங்கற கோடு மேல ஏறிட்டே போச்சு. 8 ஜிபியைத் தொட்டதும் அந்தக் கோடு நின்னுடுச்சு. கீழே 'ஷேர்ட் ஜிபியு மெமரி'ங்கற இன்னொரு கோடு கிளம்புச்சு. கார்டுல இடம் தீர்ந்து, ரேம்ல கடன் வாங்குதுன்னு அர்த்தம். அந்த நிமிஷத்துலேருந்து மவுஸைத் திருப்பினா படம் தத்தித் தத்தி வருது.

"அண்ணா, எனக்கு 8 ஜிபி பத்தாது"ன்னா பாப்பா.

நான் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டி வரல. இதைத்தான் உங்க எல்லாருக்கும் சொல்றேன். தெரிஞ்சவங்க மெஷினை ஒரு மணி நேரம் கடன் வாங்குங்க. உங்க ஃபைலை அதுல திறங்க. எது முட்டுதோ அதுல காசு போடுங்க. எது தூங்குதோ அதுல குறைங்க. எத்தனை ரிவ்யூ பார்த்தாலும் இந்தத் தெளிவு வராது.

அப்படி முடிவானதுதான் கார்டு. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி.

இங்கதான் மறுபடியும் மாடல் நம்பர் கதை வருது. 2025 ஏப்ரல்ல என்விடியா 5060 டிஐயை ரெண்டு விதமா விட்டாங்க. ஒண்ணு 8 ஜிபி, இன்னொண்ணு 16 ஜிபி. பேர் ஒண்ணுதான்! கொட்டேஷன்ல '5060 டிஐ'ன்னு மட்டும் இருந்தா எதைக் கட்டித் தரப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. இதுக்கு முன்னாடி 3050லயும் இதே கூத்து. 8 ஜிபி ஒண்ணு, 6 ஜிபி ஒண்ணு. அதுல மெமரி மட்டுமா வேற? உள்ள இருக்கற கோர் எண்ணிக்கையே வேற. பழைய ஜிடி 1030ல டிடிஆர்4 மெமரி போட்டு வந்தது, ஜிடிடிஆர்5 போட்டு வந்ததுல ஏறக்குறைய பாதி வேகத்துலதான் ஓடுச்சு. கம்பெனிக்காரங்க இப்படிப் பேர் வைக்கறதை யாராவது தட்டிக் கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

பிராசஸருக்கு ரைசன் 5 7600. ஆறு கோர், பன்னெண்டு த்ரெட், 65 வாட். கூலர் பெட்டியோடவே வருது. சின்னதா ஒரு கிராபிக்ஸும் உள்ள இருக்கு. (அதை வச்சு ரெண்டர் பண்ண முடியாது. ஆனா என்னிக்காவது கார்டு வாரண்டிக்குப் போச்சுன்னா மானிட்டர்ல படமாவது வரும், படிப்பு நிக்காது. இந்த ஒரு காரணத்துக்கே நான் உள்ள கிராபிக்ஸ் இருக்கற பிராசஸர் பக்கம்தான் நிப்பேன்.)

அது உக்கார்ற சாக்கெட் ஏஎம்5. 2022ல வந்தது. 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் சப்போர்ட் இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க. இதுக்கு முந்தின ஏஎம்4ல 2017ல போர்டு வாங்கினவங்க நிறைய பேர் பிற்பாடு பயாஸ் அப்டேட் பண்ணிட்டு, அதே போர்டுல ரைசன் 5000 வரிசைப் பிராசஸரை மாட்டிக்கிட்டாங்க. போர்டை மாத்தாம பிராசஸரை மட்டும் மாத்தற வசதி மாணவர்களுக்குப் பெரிய வரம்.

இப்ப ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருவோம்.

மவுன்ட் ரோட்டை ஒட்டி இருக்கற அந்தச் சந்துகளுக்குள்ள நுழைஞ்சா எனக்கு இன்னிக்கும் உற்சாகம் பொங்கும். ஒரு பக்கம் வயர் ரோல், ஒரு பக்கம் சிசிடிவி, தலைக்கு மேல பெட்டி பெட்டியா மானிட்டர் தூக்கிட்டுப் போற ஆளுங்க. ஆன்லைன்ல விலை பார்த்துட்டுப் போங்க, ஆனா ஒரு தடவையாவது நேர்ல போங்க. பெட்டியைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்தா வர்ற அறிவு ஸ்க்ரீன்ல வராது.

முதல்ல ஏறின கடையில குடுத்த துண்டுச் சீட்டு இப்படி இருந்துச்சு.

ரைசன் 5.
ஏஎம்5 போர்டு.
16 ஜிபி ரேம்.
1 டிபி எஸ்எஸ்டி.
5060 டிஐ.
கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்.

ஆறு வரி. ஒரு வரியிலகூட முழு மாடல் இல்ல! (எஸ்எம்பிஎஸ்னா பவர் சப்ளை.)

"அண்ணே, எஸ்எம்பிஎஸ் எந்த மாடல்?"

"கேபினட்லயே வருது தம்பி. 450 வாட்ஸ். தாராளமாப் போதும்."

"வெளிய எடுத்துக் காட்ட முடியுமா?"

காட்டினார். அதுல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாப்பா கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். நீங்களும் பழகிக்கோங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஸ்டிக்கர்ல சின்னக் கட்டம் கட்டமா +3.3வி, +5வி, +12வின்னு போட்டிருக்கும். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போற மின்சாரம் கிட்டத்தட்ட பூரா +12வி கட்டத்துலேருந்துதான். அதுக்குக் கீழ எத்தனை ஆம்பியர்னு பாருங்க. அதை 12ஆல பெருக்குங்க. அந்த '450 வாட்ஸ்' சப்ளையில +12விக்குக் கீழ 16 ஆம்பியர் போட்டிருந்துச்சு.

16 பெருக்கல் 12. வெறும் 192 வாட்.

5060 டிஐ மட்டுமே 180 வாட் இழுக்கும். பிராசஸர் முழு மூச்சா ஓடினா இன்னொரு 90 வாட் சேர்த்துக்கோங்க. அப்புறம் ஃபேன், எஸ்எஸ்டி, போர்டு. எல்லாம் சேர்த்து முந்நூறைத் தாண்டிடும். அந்த சப்ளையில கார்டுக்குப் போற எட்டு பின் கனெக்டரே இல்ல. மாட்டக்கூட முடியாது!

கடைக்காரர் கிட்டச் சண்டையெல்லாம் போடல. "தேங்க்ஸ் அண்ணே"ன்னுட்டு அடுத்த கடைக்குப் போனோம். அங்க இருந்த பெரியவர் கேக்காமலேயே ஒவ்வொரு பெட்டியையும் மேஜை மேல வச்சு, முழு மாடல் பேரை எழுதிக் குடுத்தார். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா எதுக்குக் காசு குடுக்கறோம்னு எழுத்துல தெரிஞ்சுது. அந்த மாதிரி கடைக்காரங்களைத்தான் நாம வாழ வைக்கணும்.

நல்ல கம்பெனி 650 வாட் சப்ளையில +12வி கட்டத்துல 54 ஆம்பியர் மாதிரி இருக்கும். 648 வாட். அதாவது எழுதியிருக்கற வாட்டேஜ் முழுசும் தேவைப்படற இடத்துல கிடைக்குது. '80 ப்ளஸ்' முத்திரையும் பாருங்க. ஆனா அது சொல்றது எவ்வளவு மின்சாரம் சூடா வீணாகுதுங்கறதை மட்டும்தான். பாதுகாப்புக்கான சான்றிதழ் இல்ல. அதனால முத்திரையோட சேர்த்து வாரண்டி வருஷத்தையும் பாருங்க. அஞ்சு வருஷம் குடுக்கறவன் தன் சரக்கை நம்பறான்.

நம்ம ஊர்ல இந்த பார்ட்டுக்கு நான் இவ்வளவு அழுத்தம் குடுக்கக் காரணம் இருக்கு. வோல்டேஜ் ஏறி இறங்கும். கரண்ட் போகும், பட்டுன்னு வரும். மட்டமான சப்ளை செத்தா தனியாச் சாகாது, போர்டையும் கார்டையும் இழுத்துட்டுப் போகும்.

அப்புறம் எர்த்திங். கேபினட்டைத் தொட்டா விரல்ல சுர்ருன்னு இழுக்குதுன்னு நிறைய பேர் சொல்வாங்க. பெரும்பாலும் ப்ளக் பாயின்ட்டுல எர்த் சரியா இல்லன்னு அர்த்தம். சப்ளைக்குள்ள இருக்கற ஃபில்டர்லேருந்து கசியற கொஞ்சூண்டு கரண்ட், பூமிக்குப் போக வழி இல்லாம பெட்டி மேல நிக்குது. பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த மூணாவது ஓட்டையைச் சரி பண்ணுங்க. யூபிஎஸ் எடுக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 600 விஏன்னா பெரும்பாலும் 360 வாட்தான். விஏவைப் பார்க்காதீங்க, வாட்டைப் பாருங்க.

மதர்போர்டுக்கு பி650 சிப்செட். அதைவிடக் குறைஞ்ச விலையில ஏ620 இருக்கு. கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பார்த்தது நாலு விஷயம். ரேம் ஸ்லாட் நாலு இருக்கா? எம்.2 ஸ்லாட் ரெண்டு இருக்கா? பிராசஸருக்கு மின்சாரம் குடுக்கற விஆர்எம் மேல ஹீட்சிங்க் இருக்கா? பின்னாடி பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கா? கடைசிப் பட்டன் எதுக்குன்னா, நாளைக்குப் புதுப் பிராசஸர் வாங்கி அதை இந்த போர்டு அடையாளம் காணலேன்னா, பென்டிரைவை வச்சே பயாஸை அப்டேட் பண்ணிடலாம். கடைக்கு ஓட வேண்டாம்.

(ஏஎம்5ல பின் எல்லாம் போர்டு சாக்கெட்லதான், பிராசஸர்ல இல்ல. அந்த சாக்கெட்டை மூடி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி வரும். தூக்கிப் போட்டுடாதீங்க. வாரண்டிக்கு போர்டைக் குடுக்கும்போது அந்த மூடி இல்லேன்னா தகராறு வரும்.)

எஸ்எஸ்டியில வெறும் '1 டிபி'ன்னு இருந்தா கேள்வி கேளுங்க. சாட்டாவா, என்விஎம்இயா? சாட்டா நொடிக்கு 550 எம்பி கிட்ட நின்னுடும். ஜென்3 என்விஎம்இ 3,500 வரைக்கும் போகும், ஜென்4 7,000 வரைக்கும். எம்.2ங்கறது வடிவம் மட்டும்தான், அந்த வடிவத்துல சாட்டாவும் வருது! அதனால வடிவத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. ஜென்3க்கும் ஜென்4க்கும் தினசரி வேலையில பெரிய வித்தியாசம் தெரியாதுங்கறது என் கருத்து. பழைய ஹார்ட் டிஸ்க்லேருந்து எந்த எஸ்எஸ்டிக்கு வந்தாலும் அதுதான் பெரிய தாவல். (1 டிபி வாங்கிட்டு விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டுதேன்னு பதறாதீங்க. கம்பெனி ஆயிரத்தால கணக்குப் போடுது, விண்டோஸ் 1024ஆல போடுது.)

கேபினட்டுக்கு ஒரே விதி. முன்பக்கம் வலையா இருக்கணும். கண்ணாடி மூஞ்சி போட்டது போட்டோவுல அழகா இருக்கும், ஆனா காத்து எங்கேருந்து உள்ள வரும்? சென்னை மே மாசத்துல அறையே 36, 37 டிகிரி. அந்தக் காத்தை வச்சுத்தான் உள்ள ஆறணும். தூசிக்குக் கழட்டிக் கழுவற ஃபில்டர் இருந்தா ரொம்ப நல்லது.

கடைசியா ரேம். இதைப் பேசினாலே வயிறு எரியுது. 2025 கடைசியிலேருந்து ரேம் விலை மடங்கு மடங்கா ஏறிடுச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி நிறையப் போகுது. க்ரூஷியல்ங்கற பேர்ல நமக்கெல்லாம் ரேம் வித்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடறோம்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சிட்டாங்க. பாப்பாவோட வேலைக்கு 32 ஜிபி வேணும். வாங்க வேண்டிய முறை 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு. ரெண்டு ஸ்டிக் போட்டா ரெண்டு சேனல்லயும் டேட்டா ஓடும்.

அவ்வளவு பணம் இல்ல. என்ன பண்றது?

சித்தி கேட்டாங்க, "தம்பி, அந்த எஸ்எம்பிஎஸ்ல கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"அதுல மட்டும் வேண்டாம் சித்தி"ன்னேன்.

ஒத்தை 16 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக் எடுத்தோம். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கறதால ஒத்தை சேனல்லயும் சமாளிக்கலாம், கொஞ்சம் வேகம் குறையும். (கார்டு இல்லாம உள்ள இருக்கற கிராபிக்ஸை நம்பறவங்க இதைச் செய்யாதீங்க. அந்த கிராபிக்ஸுக்கு ரேம்தான் மெமரி. ஒத்தை ஸ்டிக்ல அது திணறிடும். உங்களுக்கு 8, 8ஆ ரெண்டு ஸ்டிக்தான் சரி.) அந்த ஸ்டிக்கோட முழு பார்ட் நம்பரையும் எழுதி வச்சிருக்கோம். விலை இறங்கினதும் அதே நம்பர்ல இன்னொண்ணு. பயாஸ்ல, ரேமை முழு வேகத்துல ஓட்டற எக்ஸ்போவை ஆன் பண்ண மறக்காதீங்க. பண்ணலேன்னா 6000 போட்ட ரேம் 4800லயே ஓடிட்டிருக்கும், நீங்க குடுத்த காசு சும்மா தூங்கும்.

பில்லைப் பத்திச் சொல்லாம முடிக்க மனசு வரல. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்"னு சொல்வாங்க. வேண்டாம். ஜிஎஸ்டி பில் வாங்குங்க. ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் அதுல ஏறியிருக்கான்னு பாருங்க. பிராசஸர் சீல் வச்ச பெட்டியில வருதா, டிரேயில வருதான்னும் கேளுங்க. டிரே பிராசஸருக்குப் பெட்டிப் பிராசஸருக்கு இருக்கற மாதிரி கம்பெனி வாரண்டி இருக்காது, கூலரும் வராது. வாரண்டி முடியறதுக்கு முன்னாடி ஒரு கார்டு போச்சுன்னா, அந்தப் பில்தான் உங்க பக்கம் நிக்கும்.

"விலை இறங்கற வரைக்கும் காத்திருக்கலாமா?"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இது. வேலை இன்னிக்கு இருந்தா இன்னிக்கு வாங்குங்க. கை இறுக்கமா இருந்தா, பின்னாடி சேர்த்துக்க முடியறதுல குறைங்க. ரேம் இன்னொரு ஸ்டிக் சேர்க்கலாம். எஸ்எஸ்டி இன்னொண்ணு செருகலாம். ரெண்டுக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிஷம் போதும். சப்ளையையும் போர்டையும் மாத்தணும்னா மெஷினையே கழட்டிப் போடணும். அந்த ரெண்டுலயும் முதல் நாளே நல்லதாப் போட்டுடுங்க.

எந்த பார்ட் எடுத்தாலும், காசு குடுக்கறதுக்கு முன்னாடி முழு மாடல் நம்பரை எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தராத கடையில வாங்காதீங்க.